இரண்டு கை பட்ட சோளம்

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? விதைத் தூசிக்கு நடுவே வேலை பார்க்கிறவன் மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா, அதற்கும் நான்தான் வர வேண்டுமா?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். போன மாதம் களத்தில் சோளக்கதிர் அடித்தோம். விளைச்சல் பாதிதான். விதைத்தபோதே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. உன் மாமா, கூலிக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், "இவ எடுத்துவச்ச விதைதானே, வேற எப்படி இருக்கும்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானும் விடவில்லை. "அடுத்த விதைப்புக்கும் நான்தான் விதை எடுத்துவைப்பேன். அது முளைக்கலைன்னா இந்த வீட்டுல இருக்க மாட்டேன், என் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அதே ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டேன். நான் சொன்னால் செய்கிறவள் என்று உனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு கிடையாது. எல்லாம் பூனை வழியாகத்தான் நடக்கிறது. "பூனையே, சாப்பாடு ஆறுது" என்று நான் சொல்வேன். "பூனையே, எனக்கு இப்ப பசிக்கலை" என்பார் அவர். பூனை எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடும்.

என் விதை மூட்டையைக் கதிரிலேயே பொறுக்கி எடுத்துக் காயவைத்துப் பரணில் வைத்திருக்கிறேன். விதைப்பதற்கு முன் ஏதோ ஊறவைத்தால் நன்றாக முளைக்கும் என்று முன்பு ஒருமுறை சொன்னாயே, அதை விவரமாக எழுது. ஒரு கைப்பிடி விதையும் இதோடு அனுப்புகிறேன், நீ வேலை பார்க்கும் விதைச் சோதனைக் கூடத்தில் போட்டுப் பார். உன் மாமாவுக்கு இது தெரியவே கூடாது. பதிலைத் தையல்கார அம்மா வீட்டு முகவரிக்குப் போடு. உன் வீட்டில் அந்த இரண்டாவது அறை காலிதானே?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன். இருமல் நின்றுவிட்டது, இப்போது தும்மல். முழங்காலுக்கு எண்ணெய் தடவு, பரணில் ஏறாதே.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை பூனைக்கு உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன். இவ்வளவு பெரிய சண்டைக்கு நடுவில் நான் யார் பக்கம் என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. உன் பக்கம்தான் என்று வைத்துக்கொள்.

விதை விஷயம் சொல்கிறேன். விதைகளை ஒரு பாத்திரத்தில் போட்டு மூழ்கும்வரை நல்ல தண்ணீர் ஊற்று. காலையில் போட்டால் மாலையில் எடுத்துவிடு. அதற்கு முன் தராசில் எடை போட்டு நினைவில் வைத்துக்கொள். தண்ணீரை வடித்து, வெயில் படாமல் நிழலில் மெல்லிசாகப் பரப்பி, பழைய எடைக்கு வரும்வரை உலர்த்து. அவ்வளவுதான். தண்ணீர் குடித்ததும் விதைக்குள் வேலை ஆரம்பித்துவிடும். வெளியே தலை நீட்டுவதற்குள் நாம் உலர்த்தி நிறுத்திவிடுகிறோம். அப்புறம் மண்ணில் போட்டதும் முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து கிளம்பும். சீக்கிரம் வரும், ஒன்றுபோல வரும், தண்டு தடியாக இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதை ஒருமுறைதான் செய்ய வேண்டும். வெள்ளை முளை வெளியே வந்துவிட்டால், அதன் பிறகு உலர்த்தினால் விதை செத்துப்போகும். சரியாகச் செய்த விதை பார்வைக்குச் சாதாரண விதை மாதிரியேதான் இருக்கும், அதனால் மாமா கண்டுபிடிக்க வழியில்லை.

நீ அனுப்பிய விதையை ஈரத்தாளில் போட்டிருக்கிறேன். அறை காலிதான், பழைய செய்தித்தாள் மட்டும் குவிந்து கிடக்கிறது. ஆனால் நீ வர வேண்டாம் அக்கா. விருந்தாளியாக வா, அது வேறு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 20

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. நாங்கள் எல்லாரும் சௌக்கியம், பூனை உட்பட. உங்கள் சௌக்கியத்தை எழுதவும். நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே வெயில் கடுமை. கூரையில் இரண்டு தகரம் மாற்றினேன். கிணற்று மோட்டார் மறுபடி தகராறு செய்கிறது. மெக்கானிக் நல்ல மனிதர், ஆனால் சொன்ன நாளில் வரமாட்டார்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. ஒன்று கேட்கலாம் என்று நினைத்தேன். சோள விதையை விதைப்பதற்கு முன் தண்ணீரில் ஏதோ செய்தால் தப்பாமல் முளைக்கும் என்று நீங்கள் ஒருமுறை சாப்பிடும்போது சொன்னதாக ஞாபகம். அப்போது நான் கவனிக்கவில்லை. என் விதை மூட்டைக்கு அதைச் செய்யலாமா என்று ஒரு யோசனை. சும்மாதான். முளைத்தால் நல்லது, இல்லாவிட்டால் என்ன, இன்னொரு வருஷம் இருக்கிறது. ஆனால் முளைத்தால் நல்லது.

உங்க அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவளுக்கு இப்போது வேலை அதிகம். பதிலை மெக்கானிக் கடை முகவரிக்கு அனுப்பவும்.

உங்கள் வீட்டு இரண்டாவது அறை சும்மா கிடக்கிறதா? நகரத்தில் ஒரு அறையைச் சும்மா போடுவது வீண். யாருக்காவது வாடகைக்கு விடலாமே. என் அபிப்பிராயம் அவ்வளவுதான்.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள்.

இப்படிக்கு
மாமா

ஏப்ரல் 8

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, நின்றபடியே கடைசி வரி வரை படித்துவிட்டேன். சந்தோஷம்தான் மாமா, ஆனால் கொஞ்சம் குழப்பமும். என் அறையைப் பற்றி இந்த வருஷம் எல்லாருக்கும் ஏன் இவ்வளவு அக்கறை என்று புரியவில்லை. வாடகைக்கு விடுவதாக இல்லை.

விதைக்கு இப்படிச் செய்யுங்கள். எடை போட்டுக்கொண்டு, காலையில் தண்ணீரில் போட்டு மாலையில் எடுத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்துங்கள். முளை வெளியே வரக் கூடாது. விதைப்பு நெருங்கும்போது செய்தால் போதும். அதற்கு முன் உங்கள் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எனக்கு அனுப்புங்கள், போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். என் பதில் வருவதற்குள் அவசரப்பட வேண்டாம்.

நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதால் அக்காவிடம் சொல்லவில்லை. உங்கள் விதை உங்களுடையது, அவள் விதை அவளுடையது, எனக்கு இரண்டு பேரும் வேண்டியவர்கள்.

பூனையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை

மே 3

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் தேவலை. நீ மெலிந்துவிட்டதாகத் தையல்கார அம்மாவின் மகன் உங்கள் ஊருக்கு வந்து பார்த்துவிட்டுச் சொன்னான். அவன் கண்ணில் விழும் அளவுக்கு என்ன மெலிவு?

காரியம் முடிந்தது! உன் மாமா மோட்டாரைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார். போனால் பொழுதோடுதான் வருவார். அவர் தலை மறைந்ததும் அண்டாவை எடுத்தேன். ஊறிய விதையை அள்ளியபோது கைக்குள் அது கொஞ்சம் உயிரோடு இருப்பது மாதிரித் தோன்றியது, பைத்தியக்காரி என்று சிரிக்காதே. வடித்து, என் கட்டிலுக்கு அடியில் பழைய வேட்டி விரித்துப் பரப்பினேன். அவர் அந்தப் பக்கம் வருவதில்லை, கூடத்தில்தான் படுக்கிறார். நான் வேளைக்கு வேளை குனிந்து கிளறிவிட்டேன். முழங்கால் ஏன் வலிக்காது? தராசில் போட்டுப் போட்டுப் பார்த்து, பழைய எடைக்கு வந்ததும் மூட்டையில் கட்டிப் பரணில் வைத்துவிட்டேன். இப்போது யார் பார்த்தாலும் தெரியாது.

நான் அனுப்பிய விதை என்ன ஆயிற்று? ஏன் ஒரு வார்த்தையும் காணோம்? மோசமாக இருந்தால் மோசம் என்று எழுது. மறைத்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று. என் செருப்பின் வார் அறுந்து கிடந்தது. காலையில் பார்த்தால் தைத்து வாசலில் வைத்திருக்கிறது. நான் கேட்கவில்லை, பூனையிடமும் சொல்லவில்லை. எதற்கு இப்படிச் செய்கிறார்? நான் ஊருக்குக் கிளம்ப வசதியாக இருக்கட்டும் என்றா? யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. செருப்பு மட்டும் நன்றாக இருக்கிறது.

உன் அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?

அக்கா

மே 15

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. சௌக்கியம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். கூரை ஒழுகவில்லை, மழையும் இன்னும் பெய்யவில்லை.

என் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி இதோடு வைத்திருக்கிறேன். மூட்டை பரணில் இருக்கிறது. உங்க அக்கா கடைக்குப் போன நேரத்தில் ஏறி எடுத்தேன். பார்த்தால் சாதாரண விதையாகத்தான் இருக்கிறது, போன வருஷமும் இப்படித்தான் இருந்தது. பார்வையை நம்பி என்ன பயன்? இந்த வருஷம் கட்டாயம் முளைத்தாக வேண்டும். காரணம் கேட்காதீர்கள். சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்கள், நான் வீட்டில் ஆள் இல்லாத நாளுக்காகக் காத்திருக்கிறேன். அப்படி ஒரு நாள் அமைவது கஷ்டம்.

அறைக்கு ஒரு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார். வாட்ச் ரிப்பேர் செய்பவர், மெக்கானிக்குக்குத் தூரத்து உறவு, சத்தமே போடமாட்டார். உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டேன்.

செருப்புக்கு வார் தைக்க நல்ல நூல் உங்கள் ஊரில் கிடைத்தால் வாங்கி வைக்கவும்.

மாமா

ஜூன் 3

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம், நலம், உங்கள் நலமும் கேட்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். எங்கள் கூடத்தையே மாடியிலிருந்து கீழே மாற்றினார்கள், தட்டுகளைத் தேடி எடுக்கவே நாளாகிவிட்டது.

மாமா, உங்கள் விதையை என்ன சொல்ல! இந்த வருஷம் எங்கள் கூடத்துக்கு வந்த எந்தச் சோளமும் இப்படி முளைக்கவில்லை. மற்ற தட்டுகள் விழித்துக்கொள்வதற்குள் உங்களுடையது எழுந்து நின்றுவிட்டது. ஒன்றுகூடப் பின்தங்கவில்லை. எங்கள் மேலாளர் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "யாருடா இது, கை தேர்ந்த ஆளா இருக்காங்க" என்றார். தூக்கிப் போட மனமில்லாமல் அந்த நாற்றுகளைக் கூடத்தின் பின்சுவர் ஓரமாக நட்டுவிட்டேன்.

அதனால் உங்கள் மூட்டைக்கு எதுவுமே செய்ய வேண்டாம். தண்ணீர் காட்டவே வேண்டாம், அப்படியே விதையுங்கள்.

வாட்ச் ரிப்பேர்காரர் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பாராட்டினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்த அறை அக்காவுக்காக என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

அக்கா நலம்தானே?

மாப்பிள்ளை

ஜூன் 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா. உடம்பு சௌக்கியம், மனசு இல்லை.

உங்கள் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. அதற்கு முந்தின நாளே காரியத்தைச் செய்துவிட்டேன். உங்க அக்கா பல் வலி என்று தையல்கார அம்மாவோடு டாக்டரிடம் போனாள். பல்லெல்லாம் பார்த்துத் திரும்ப மாலையாகும் என்று நினைத்து, மூட்டையை இறக்கி அண்டாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். நீங்கள் மாலை என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் மதியமே விதை உப்பிவிட்டது. சிலதில் வெள்ளையாக ஊசி முனை மாதிரி எட்டிப் பார்த்தது. ஏன் இவ்வளவு அவசரம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்து வடித்து, மாட்டுக் கொட்டகையில் பரப்பினேன். பாதிகூட உலரவில்லை, வாசலில் உங்க அக்கா குரல் கேட்டது. பல்லைப் பிடுங்காமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அள்ளி மூட்டையில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். எறும்பு கடித்தது போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பூனையே, உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

இப்போது என்ன செய்ய? நல்ல விதையை நானே கெடுத்துவிட்டேனா? அவளுக்குத் தெரியாமல் ஒரு வழி சொல்லுங்கள். இது முளைக்காவிட்டால் அவள் போய்விடுவாள் மாப்பிள்ளை. களத்தில் வாய் தவறியது நான். அதைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை.

மாமா

ஜூன் 17

அன்புத் தம்பிக்கு,

அக்கா. பல்வலி போய்விட்டது. நீ எப்படி? என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை, உனக்கு என்மேல் என்ன கோபம்?

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று சந்தேகமாக இருக்கிறது. நேற்று மழை விழுந்தது. விதைக்கலாம் என்று மூட்டையை இறக்கினால் கை தாங்கவில்லை. எடை போட்டேன். நான் கட்டி வைத்ததைவிட ரொம்ப அதிகம். உள்ளே கையை விட்டால் வெதுவெதுப்பு, புளித்த வாடை. விதைக்கெல்லாம் வெள்ளை நூல் மாதிரி முளை. நான் உலர்த்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தராசில் பார்த்ததும் நினைவிருக்கிறது. கூரையும் ஒழுகவில்லை, இவர்தான் தகரம் மாற்றினாரே. பரணுக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இல்லை, நான்தான் உலர்த்தாமல் கட்டிவிட்டு உலர்த்தியதாக நினைக்கிறேனா?

கட்டிலுக்கு அடியில் மறுபடி பரப்பினேன். நூலெல்லாம் பழுப்பாகி ஒடிந்து விழுகிறது. நீ எழுதிய எச்சரிக்கை நினைவுக்கு வருகிறது. வேறு விதை இல்லை. ஈரம் போவதற்குள் போட வேண்டும், நாளை விதைக்கிறேன். உன் மாமா ஏர் பூட்டித் தயாராக நிற்கிறார், என் முகத்தைப் பார்க்காமல்.

உண்மையைச் சொல்கிறேன், உன் ஊருக்கு வர எனக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்னேனே.

அறையைப் பெருக்கி வை.

அக்கா

ஜூன் 24

அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இருவருக்கும் ஒரே வணக்கம். நான் நலமாக இல்லை, தலையில் அடித்துக்கொண்டதில் வீங்கிப்போயிருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தையல்கார அம்மா வீட்டுக்கும் போடவில்லை, மெக்கானிக் கடைக்கும் போடவில்லை. உங்கள் வீட்டுக்கே போடுகிறேன். யார் கையில் கிடைத்தாலும் மற்றவருக்குப் படித்துக் காட்டவும். பூனைக்கு அல்ல.

உங்கள் வீட்டில் எத்தனை விதை மூட்டை இருக்கிறது?

அக்கா "என் மூட்டை" என்று எழுதினாள். மாமாவும் "என் மூட்டை" என்று எழுதினார். பேச்சு நின்றதோடு விதையையும் பிரித்துக்கொண்டீர்கள் என்று நான் நினைத்துவிட்டேன். இரண்டு பேரும் ரகசியம் என்றீர்கள், நானும் பெரிய மனுஷன் மாதிரி வாயை மூடிக்கொண்டேன். மாமாவின் கடிதமும் அக்காவின் கடிதமும் அடுத்தடுத்து வந்த பிறகுதான் இரண்டு பரணும் ஒரே பரண் என்று உறைத்தது.

அக்கா, உனக்குப் புத்தி ஒன்றும் பேதலிக்கவில்லை. நீ சரியாகத்தான் உலர்த்தினாய். அதையே மாமா மறுபடி ஊறவைத்தார். மாமா, விதை அவசரப்பட்டதற்குக் காரணம், அது ஏற்கெனவே அக்கா கையால் பாதி வழி போயிருந்தது.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா முதலில் அனுப்பிய கைப்பிடியும் நன்றாக முளைத்தது. அந்த விதையில் ஒரு குறையும் இருந்ததில்லை. முதலில் சோம்பலில் எழுதாமல் விட்டேன், அப்புறமும் எழுதாதது, மாமாவின் விதை அதைவிடப் பிரமாதமாக வந்து, உனக்கு வருத்தமாகிவிடுமோ என்றுதான். மாமா அனுப்பியது நீ ஊறவைத்து உலர்த்திய அதே விதைதான் என்று இப்போதுதான் தெரிகிறது. எங்கள் மேலாளர் அம்மா "கை தேர்ந்த ஆள்" என்று சொன்னது உன்னைத்தான் அக்கா. பின்சுவர் ஓரமாக வளர்ந்துகொண்டிருப்பது உன் சோளம்.

விதைத்துவிட்டீர்களா? விதைத்திருந்தால் முளைக்காது. என்னைத் திட்டுங்கள், கடிதத்தில் போதாது என்றால் நேரில் வந்து திட்டுங்கள்.

தம்பி, மாப்பிள்ளை, இரண்டும்

ஜூலை 12

அன்புத் தம்பிக்கு,

அக்காவும் மாமாவும் எழுதுவது. பேனா ஒன்றுதான், அதனால் மாறிமாறி, முதலில் அக்கா. நாங்கள் நலம். உன் தலை வீக்கம் வடிந்ததா?

வயல் மொட்டையாகக் கிடக்கிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள், நான் வரப்பில் உட்கார்ந்து குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். எடுத்த விதையெல்லாம் கூழாக இருந்தது. வீட்டில் பெட்டி கட்டியாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. பின்னால் வந்து நின்றார். பூனை பக்கத்தில் இல்லை. "அது நீ எடுத்துவச்ச விதையால இல்ல. நான்தான் தண்ணியில போட்டேன்" என்றார். ஆறு மாதத்துக்கு அப்புறம் என்னைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு.

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறாயா? பற்றிக்கொண்டு வந்தது. "என் விதை மேல அவ்வளவுகூட நம்பிக்கை இல்லையா?" என்று கத்தினேன். அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதை அவரே எழுதட்டும்.

மாப்பிள்ளை, நான் சொன்னது இதுதான்: "விதை முளைக்குமோ முளைக்காதோ எனக்குத் தெரியாது. முளைக்கலைன்னா நீ கிளம்பிடுவேன்னு மட்டும் நல்லாத் தெரியும்." கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "நீங்க மட்டுமா? நானும்தான் நம்பாம ஊறவச்சேன்" என்றாள். "என்னது, நீயுமா?" என்றேன். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. அவள் பக்கத்தில் வரப்பிலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தோமா அழுதோமா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நான் அக்கா. மறுநாள் உன் கடிதம் வந்தது. அவர் எனக்குப் படித்துக் காட்டினார். அதோடு நிற்கவில்லை. களையெடுக்க வேலையில்லை என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்த, அன்று களத்தில் சிரித்த அதே ஆட்களிடம் போய், "கை தேர்ந்த ஆள்" வரை சத்தமாகப் படித்திருக்கிறார். மெக்கானிக் வந்து சொன்னார். அவராக என்னிடம் சொல்லவில்லை.

ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே. முளைக்கலைன்னா இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றேன். முளைக்கவில்லை. பெட்டியைத் தூக்கினேன். "எத்தனை நாளைக்கு இருக்க மாட்டேன்னு நீ சொல்லலையே" என்றார். எனக்கும் அது அதுவரை தோன்றவில்லை.

மழை இன்னும் இருக்கிறது என்கிறார்கள், மறுபடி விதைக்க நேரம் உண்டு. உங்கள் கூடத்தில் நல்ல விதை வாங்கித் தா. ஊறவைப்பது நான். ஒருமுறைதான், எல்லார் கண் முன்னாலும், நடுக்கூடத்தில். கிளறிவிடுவது அவராம், என் முழங்காலுக்காக.

மறுபடி மாமா. பின்சுவர் ஓரம் நிற்கிற சோளத்தை நான் பார்க்க வேண்டும். அதற்குத் தண்ணீர் விடுங்கள், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். பூனையை மெக்கானிக் கடையில் விட்டிருக்கிறோம். பாவம், அதற்கும் ஓய்வு வேண்டும். வாட்ச் ரிப்பேர்காரரிடம் அறை இல்லை என்று சொல்லிவிடுங்கள், மெக்கானிக்கை நான் சமாளித்துக்கொள்கிறேன். செய்தித்தாள்களை அள்ளிவிட்டு அறையைப் பெருக்கி வையுங்கள் மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் உங்க அக்கா சொன்ன சொல் மாறாமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். தனியாக இல்லை.

உன் அக்கா
உங்கள் மாமா